விடுமுறையில் ஒரு வன்னி வீட்டை அளந்து வரைவது எப்படி

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பட்டம் 5 வருடம். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் தேற வேண்டும். விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். இவ்வளவையும் தாண்டி உள்ளே போன வன்னிப் பிள்ளை முதலாம் வருட ஸ்ரூடியோவில் (வடிவமைத்து வரையும் வகுப்பில்) தடக்குப்படுவது பெரும்பாலும் செக்‌ஷனில்தான். பிளான் வரைந்துவிடுவார்கள். அதே வீட்டை நடுவால் வெட்டிக் காட்டச் சொன்னால், சுவருக்கு மேலே என்ன வருகிறது, கைமரம் எதில் இருக்கிறது, முற்றத்துக்கும் வீட்டுத் தரைக்கும் எவ்வளவு உயரம் என்ற இடங்களில் கை நின்றுவிடும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் படிப்பவர்களுக்கு இதே குறை வேறு மாதிரி: கூரையின் வளை (உத்திரம்) தாங்கும் பாரத்தைக் கணக்கிடத் தெரியும், அந்த வளை சுவரில் எப்படிக் குந்துகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மென்பொருள் வகுப்பு உதவாது. ஊருக்கு வரும்போது ஒரு வீட்டை, ஒன்றே ஒன்றை, அத்திவாரம் தொடக்கம் முகடு வரை அளந்து வரையுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் அளவெடுக்க இரண்டு நாள், வரைய மூன்று நாள்.

எந்த வீடு

கிடுகு வேலிக்குள் நிற்கும் மண்வீடு பார்க்க அழகு. ஆனால் முதல் தடவைக்கு அது கடினம்: ஒரு மூலையும் நேராக இராது, சுவர்த் தடிப்பு அடிக்கு அடி மாறும். முதல் தடவைக்கு வீட்டுத்திட்ட வீடே நல்லது. இந்திய உதவி வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு, கிழக்கில். வீட்டுக்காரரே கட்டும் முறையில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள், தளப்பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீற்றர். இந்த அளவு வீடு 1:50 அளவுத்திட்டத்தில் ஏ2 தாளில் வசதியாக அடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, கல் அரிந்து, காசு வரவரக் கட்டியதால் ஒரே பிளான் வீட்டுக்கு வீடு மாறியிருக்கும். குசினி என்று பிளானில் போட்ட அறைக்குள் இன்று நெல் மூட்டை அடுக்கியிருக்கலாம். சமையல் பின்னால் தகரம் இறக்கிய பத்தியில் நடக்கலாம். முன் விறாந்தைக்கு முன்னால் இன்னொரு பத்தி, அதற்குள் மோட்டார் சைக்கிள். ஏன் இப்படி மாற்றினார்கள் என்று கேளுங்கள்: விறகுப் புகையா, வெக்கையா, இருந்து சமைக்கும் பழக்கமா, இடம் போதாததா? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பிளானின் ஓரத்தில் எழுதுங்கள். கொடுத்த பிளானையும் வாழும் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் அதுவே ஒரு முழுப் பயிற்சி.

பழைய கட்டடம்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் மன்னார் அரிப்பில் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801 தொடக்கம் 1804 வரை கட்டுவித்த டொரிக் மாளிகையின் மிச்சத்தைப் போய்ப் பார்க்கலாம். கடல் அரித்து அரித்துக் குறைந்துகொண்டே வருகிறது. அளப்பதானால் முதலில் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். எப்படியும் அது இரண்டாவது வேலை.

பற்றைக்குள் இடிந்து கிடக்கும் வீடுகளைத் தேடி இறங்காதீர்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் மட்டுமல்ல, ஊர்ச்சனம் நடக்காத பக்கமும் வேண்டாம். கட்டு இடிந்த கிணறுகளும் புல்லுக்குள் மறைந்து கிடக்கும்.

அனுமதி கேட்பது

வன்னியில் அளவு ரேப்போடு ஒருவர் வளவுக்குள் வந்தால் வீட்டுக்காரருக்கு வரும் எண்ணம் இரண்டு: புதிய உதவித்திட்டம் வரப்போகிறது, அல்லது காணியில் ஏதோ பிரச்சினை. இரண்டையும் முதல் வசனத்திலேயே தீர்த்துவிடுங்கள். “அம்மா, நாங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள். படிப்புக்காக உங்கட வீட்டை அளந்து கீற விருப்பம். இது வீட்டுத்திட்டத்துக்கு இல்லை, காணி அளக்கவும் வரேல்லை.” இப்படிச் சொல்லாமல் தொடங்கினால் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் பெயரையும் பதியச் சொல்லி வந்து நிற்பார்கள். கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். உறுதி இலக்கமோ பெயரோ தாளில் வேண்டாம். அறைக்குள் போகும் நேரத்தை வீட்டுப் பெண்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமி அறைக்குள் செருப்பும் ரேப்பும் கேட்காமல் போகக்கூடாது.

சாமான்கள்

30 மீற்றர் ஃபைபர் ரேப் ஒன்று, 5 மீற்றர் இரும்பு ரேப் ஒன்று, மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்ரிக் ரியூப் 10 மீற்றர், தூக்குக்குண்டு, நைலோன் நூல், ஏ3 தாள் பிடிக்கும் பலகை, 2பி பென்சில், அளவுகளை மட்டும் எழுதச் சிவப்புப் பேனை. லேசர் கருவி இருந்தால் உள்ளறை உயரங்களுக்கு நல்லது. வெளியே வன்னி வெயிலில் அதன் புள்ளி கண்ணுக்கே தெரியாது.

இரும்பு ரேப்பின் நுனிக் கொளுக்கி சற்று ஆடும். பழுதென்று நினைத்து அடித்து இறுக்காதீர்கள். கொளுக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் அந்த ஆட்டம். சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும் விளிம்பில் கொளுவி அளக்கும்போதும் ஒரே கணக்கு வர அதை வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மேசன் அடி, அங்குலத்தில் பேசுவார். ஸ்ரூடியோ மில்லிமீற்றர் கேட்கும். பேச்சு எதிலும் இருக்கட்டும், தாளில் மில்லிமீற்றர் மட்டும். 3.05 என்று எழுதிவிட்டு, இரவு அது மீற்றரா, 3 அடி 5 அங்குலமா என்று தெரியாமல் முழிப்பது அடிக்கடி நடக்கிறது.

வடக்கு எது

ஃபோனில் உள்ள திசைகாட்டியை நம்பாதீர்கள். தகரக் கூரை, கொங்கிறீற்றுக்குள் கம்பி, பக்கத்தில் நிற்கும் உழவு இயந்திரம் எல்லாம் அதைப் பிழைக்க வைக்கும். கோயில் கட்டும் ஸ்தபதிகள் பாவிக்கும் சங்கு முறை (தடியின் நிழலால் திசை பார்ப்பது) இன்றும் போதும். முற்றத்தில் மட்டமான இடத்தில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நேர்த்தடி நடுங்கள். தூக்குக்குண்டால் செங்குத்துப் பாருங்கள். அடியை மையமாக்கி 80 செ.மீ. ஆரத்தில் நூலால் வட்டம் கீறுங்கள். காலையில் நிழலின் நுனி சுருங்கி வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு ஆணி. பின்னேரம் நீண்டு போய்த் தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வடக்கு. தடி சரிந்தாலோ நிலம் சரிந்தாலோ முழுவதும் பிழைக்கும். காலையில் முகில் மூடினால் மறுநாள் முதலிலிருந்து தொடங்குங்கள்.

சூரியன் உச்சத்துக்கு வருவது 12 மணிக்கு என்று எடுக்காதீர்கள். இலங்கை நேரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்குரியது, கிளிநொச்சி 80.4 இல் இருக்கிறது. அதனால் உச்சி சராசரியாக 12.08 ஐ ஒட்டி வரும், மாதத்துக்கு மாதம் கால் மணித்தியாலம் வரை முன்பின்னாக.

அறைகள்

அளக்கத் தொடங்குமுன் வீட்டை ஒருமுறை சும்மா சுற்றி நடந்து, கையால் ஒரு பருமட்டான பிளான் கீறுங்கள். அளவுத்திட்டம் வேண்டாம், பெரிதாக இருக்கட்டும். ஒரு அறைக்கு ஒரு தாள். சிறிதாகக் கீறினால் இலக்கம் எழுத இடமில்லாமல் அம்புக்குறிகள் ஒன்றில் ஒன்று ஏறும். பிளான் வெட்டு தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், யன்னல்கள் வெட்டுக்குள் வரும்.

துண்டு துண்டாக அளக்காதீர்கள். ஒரு கதவும் இரண்டு யன்னலும் உள்ள சுவரில் துண்டுகள் 7. ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. ஒரே பக்கமாகப் பிழைத்தால் கடைசியில் 35 மி.மீ. ஒரு மூலையில் பூச்சியத்தைப் பிடித்து ரேப்பை மறுமூலை வரை இழுத்து வைத்து, ஒவ்வொரு விளிம்பும் எந்த இலக்கத்தில் வருகிறது என்று வரிசையாக வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் 1,530 உம் 1,350 உம் இடம் மாறும்.

அடுத்தது மூலைவிட்டம். இதைச் சோம்பலில் விடுபவர்கள்தான் அதிகம். 10 அடிக்கு 12 அடி அறை என்று வைப்போம்: 3,048 க்கு 3,658. மூலைகள் சரியான செங்கோணம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் 4,761 (15 அடி 7½ அங்குலம்) வர வேண்டும். நீங்கள் அளக்கும்போது ஒன்று 4,800, மற்றது 4,720 என்று வந்தால் ரேப் பிழை இல்லை, அறை கோணலாக இருக்கிறது. ஏறக்குறைய ஒரு பாகை. கேட்கச் சிறிது, ஆனால் 12 அடிச் சுவரில் அது 62 மி.மீ. விலகல். அறையைச் சதுரமாக வரைந்துவிட்டால் அடுத்த அறையின் சுவர் இந்தச் சுவரோடு பொருந்தாது. எந்த இலக்கம் பிழை என்று தேடி அரை நாள் போகும். மூன்று பக்கத்தால் ஒரு முக்கோணம் கட்டுப்படும், நான்கு பக்கத்தால் ஒரு நாற்கோணம் கட்டுப்படாது. ஆகவே ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம்: ஒரு மூலைவிட்டம் வரைய, மற்றது சரிபார்க்க.

சுவர்த் தடிப்பைக் கதவு நிலையின் பக்கத்தில் அளவுங்கள், மேசன் சொன்னதை எழுதாதீர்கள். ஆறங்குலக் கல் என்றால் கல் 150 மி.மீ.; இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்தால் 180 ஐத் தொடும். 150 என்று போட்டால், மூன்று சுவரைக் கடக்கும் நீளத்தில் 90 மி.மீ. காணாமல் போகும். உள்ளளவுகளின் கூட்டுத்தொகை வெளியளவோடு பொருந்தாததற்கு முதற்காரணம் இதுதான். அதனால் வெளியே நான்கு பக்கமும் தனியாக அளந்தே ஆகவேண்டும். அன்றிரவே கூட்டிப் பாருங்கள். 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுநாள் காலை திரும்பிப் போங்கள். கொழும்புக்குப் போன பிறகு போக முடியாது.

செக்‌ஷனுக்கான உயரங்கள்

வெட்டுக்கோட்டை முன்படி, கதவு, ஒரு யன்னல், முகடு, பின்பத்தி எல்லாவற்றையும் கடக்கும்படி தெரிவு செய்யுங்கள். வெறும் சுவரை மட்டும் வெட்டும் செக்‌ஷனால் யாருக்கும் பிரயோசனமில்லை.

நிலமட்டத்துக்கு நீர்மட்ட ரியூப். தண்ணீர் நிரப்பிக் குமிழி இல்லாமல் பாருங்கள். ஒரு சின்னக் குமிழி போதும், மட்டம் பொய் சொல்லும். வீட்டுத் தரையிலிருந்து சரியாக 1,000 மி.மீ. உயரத்தில் கதவு நிலையில் பென்சில் கோடு போடுங்கள். ரியூப்பின் ஒரு நுனி அந்தக் கோட்டில், மற்ற நுனி முற்றத்தில், கிணற்றடியில், வேலியடியில். தண்ணீர் அசையாமல் நின்றபின் அந்த மட்டத்திலிருந்து நிலம் வரை அளவுங்கள். 1,450 என்றால் அந்த இடம் வீட்டுத் தரையைவிட 450 மி.மீ. தாழ்வு. வாசிக்கும்போது இரண்டு நுனியும் திறந்திருக்க வேண்டும்; ஒன்றை விரலால் அடைத்தபடி வாசிப்பதுதான் வழமையான பிழை.

வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்றும் கேளுங்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தை இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள ஊர்களில் யாரும் மறக்கவில்லை. சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். அந்தக் கோட்டையும் செக்‌ஷனில் போடுங்கள். அத்திவார உயரம் ஏன் அவ்வளவு என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

கூரைக்கு ஏறத் தேவையில்லை, சீற் என்றால் ஏறவே கூடாது. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் காலுக்குக் கீழே சொல்லாமல் உடையும், தூசும் கூடாது. உள்ளே நின்று சுவர்மேல் வளையிலிருந்து முகட்டுவளை வரை கிடையாக எவ்வளவு, நிலைக்குத்தாக எவ்வளவு என்று அளந்தால் சரிவு வந்துவிடும். 10 அடிக்கு 4 அடி 8 அங்குலம் ஏறினால் 25 பாகை. ஓட்டுக்கூரைக்கு அதற்குக் குறைய இறங்கினால் காற்றோடு வரும் மாரி மழை ஓட்டின் பொருத்துக்குள்ளால் மேலேறி உள்ளே சொட்டும். ஓடு மலிவாய்க் கிடைத்த ஊர்களில் சிலர் அதே சரிவை சீற்றுக்கும் வைத்திருப்பார்கள். வீண் மரச்செலவு என்றாலும் முகட்டு உயரத்தால் உள்ளே வெக்கை சற்றுக் குறையும்.

கைமர இடைவெளி, சிலாகை இடைவெளி, மரத்தின் குறுக்கு அளவு, என்ன மரம் என்பவற்றைக் குறியுங்கள். பனை என்றால் வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள்: வைரம் (கடினமான பகுதி) வெளிப்பக்கம், சோறு (மென்மையான பகுதி) உள்ளே, மற்ற மரங்களுக்கு நேரெதிர். அதனால் பனஞ்சலாகையைச் சீவிச் சதுரமாக்கினால் பலமான பகுதிதான் போகிறது. சோறு ஒட்டியிருக்கும் பக்கத்தில்தான் கறையான் தொடங்கும்.

ஒரு விடயத்தை மறக்காமல் பாருங்கள்: கூரை சுவரோடு எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது? சுவர்மேல் கொங்கிறீற்றுக்குள்ளிருந்து வந்த கம்பி வளையைச் சுற்றி மடித்திருக்கிறதா, அல்லது வளை தன் பாரத்தில் சும்மா இருக்கிறதா? 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. சூறாவளிக் காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கும். பிணைப்பில்லாத கூரைக்கு அதன் பாரம் மட்டும்தான் துணை, தகரத்துக்கு அந்தப் பாரமும் இல்லை. இந்தப் பிணைப்பை 1:5 இல் தனிப்படமாக வரையுங்கள்.

வெடிப்புகளை வாசித்தல்

பூச்சைப் பார்த்தாலே கட்டியவிதம் பாதி தெரியும். யன்னலின் மேல்மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு: லிந்தல் (யன்னலுக்கு மேலே போகும் உத்திரம்) சுவருக்குள் போதிய நீளம் போகவில்லை, பக்கத்துக்கு குறைந்தது 6 அங்குலமாவது வேண்டும். வீட்டுக்கும் பின்னால் சேர்த்த பத்திக்கும் இடையில் நேர்குத்தான வெடிப்பு: பழைய சுவரோடு கல் பிணைக்கவில்லை, இரண்டு அத்திவாரமும் வேறு வேறாக இறங்கின. கல்வரி வழியே படிப்படியாக ஏறும் வெடிப்பு: அத்திவாரம் ஓரிடத்தில் அசைந்திருக்கிறது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பு: கட்டமைப்புக்கு ஒன்றுமில்லை, பூச்சு அவசரமாகக் காய்ந்தது. சோளகம் அடிக்கும் காலத்தில் பூசிவிட்டு ஒரு வாரம் தண்ணீர் அடிக்காவிட்டால் இதுதான் வரும். சுவரின் அடியில் வெள்ளைப் பொடி பூத்தால் உப்பு: ஈரத்தடைப் படை இல்லை, அல்லது உப்புத் தண்ணீரில், உப்பு மணலில் சாந்து குழைத்திருக்கிறார்கள். கரையோரத்தில் இது அதிகம்.

மண்ணையும் விடாதீர்கள். வன்னி மேட்டுநிலத்தில் பெரும்பாலும் செங்கபில மண், அத்திவாரத்துக்குத் தொல்லை குறைவு. மன்னார் முருங்கன் பக்கம் கதை வேறு. அங்குள்ள கறுப்புக் களி மாரியில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களி போனதும் அங்கிருந்துதான். கோடையில் அந்த வெடிப்புக்குள் ஒரு ஈர்க்கை இறக்கிப் பாருங்கள், எவ்வளவு ஆழம் போகிறதோ அந்த ஆழம்வரையாவது நிலம் வருடாவருடம் அசைகிறது. அத்திவாரம் அதற்கு மேலேயே நின்றுவிட்டால் வீடும் சேர்ந்து அசையும். வெடிப்பைச் சாந்தால் அடைத்து அடைத்துப் பூசுவது அடுத்த மாரி மட்டும்தான்.

சீமெந்து கலந்து அழுத்தும் மண்கல்லில் ஆர்வமுள்ளவர்கள் இரண்டு சோதனை செய்யலாம். போத்தலில் மூன்றிலொரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் ஒரு மணித்தியாலத்துக்குள், களி மறுநாள் வரை கலங்கி நிற்கும். அடுத்தது சுருக்கப் பெட்டி: உள்ளளவு 600 க்கு 40 க்கு 40 மி.மீ. மரப்பெட்டி, உள்ளே எண்ணெய் பூசி, குழைத்த மண்ணை இறுக்கி நிரப்பி நன்றாகக் காயும்வரை விடுங்கள். மண்ணை ஒரு பக்கம் தள்ளி மறுபக்க இடைவெளியை அளந்தால், 15 மி.மீ.க்குள் என்றால் சீமெந்து 1 க்கு மண் 18. 15 தொடக்கம் 30 என்றால் 1 க்கு 16. 30 தொடக்கம் 45 என்றால் 1 க்கு 14. 45 தொடக்கம் 60 என்றால் 1 க்கு 12. அதற்கு மேல் சுருங்கினால் மணல் கலக்காமல் சரிவராது. அழுத்திய மண்கல்லுக்கு இலங்கைக் கட்டளை எஸ்எல்எஸ் 1382 இருக்கிறது, பீட நூலகத்தில் கேளுங்கள்.

சீமெந்துக் கல் கணக்குக்கு இது போதும்: 16 க்கு 8 அங்குல முகமுள்ள கல், சாந்து வரி சேர்த்து, 100 சதுர அடிச் சுவருக்கு 113. உடைவுக்கு 5 வீதம் சேர்த்தால் 119.

வெயிலும் காற்றும்

ஸ்ரூடியோவில் சூரியனைப் பற்றி எல்லாரும் மஞ்சள் அம்புக்குறி போடுவார்கள். நீங்கள் இலக்கம் போடுங்கள். கிளிநொச்சி 9.4 பாகை வடக்கு. சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருவது வருடத்தில் இரண்டு தரம், ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும். டிசெம்பர் 21 நடுப்பகலில் தெற்குப் பக்கம் 57 பாகையில் நிற்கும். ஜூன் 21 இல் வடக்குப் பக்கம் 76 பாகையில். 1.2 மீற்றர் உயர யன்னலை நடுப்பகலில் முழுதாக மறைக்கத் தெற்கில் 780 மி.மீ. தாழ்வாரம் வேண்டும், வடக்கில் 300 போதும்.

மேற்கில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மார்ச் மாதம் பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 33 பாகையில். அதே யன்னலுக்கு 1.85 மீற்றர் தாழ்வாரம் வேண்டும். யாரும் போட மாட்டார்கள். ஆகவே மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் தீர்வில்லை. பத்தி, பந்தல், வேம்பு, துளைக்கல் என்று எதையாவது செங்குத்தாக நிறுத்த வேண்டும். வன்னி வளவில் மேற்குப் பக்கம் மரம் எங்கே நிற்கிறது என்று சைற் பிளானில் குறியுங்கள். பாதி வீடுகளில் அது தற்செயலாக நிற்பதில்லை.

சிக்கல் எங்கே என்றால், சோளகம் வருவதும் தென்மேற்கிலிருந்து. காற்று வேண்டிய பக்கமும் வெயில் வேண்டாத பக்கமும் ஒன்று. வாடையும் மழையும் வடகிழக்கால். மழை வரும் பக்கம் விறாந்தை, காற்று வரும் பக்கம் நிழலோடு திறப்பு என்று பழைய வீடுகள் செய்ததை அளந்து காட்டினால் போதும், புகழத் தேவையில்லை.

வெப்பத்தை அளக்க இரண்டு சாதாரண வெப்பமானி. ஒன்று வீட்டுக்குள் 1.2 மீற்றர் உயரத்தில், சுவரில் முட்டாமல் நூலில் தொங்கட்டும். மற்றது வெளியே மரநிழலில். காலை 6 தொடக்கம் இரவு 10 வரை மணிக்கொரு தரம், மூன்று நாள். வீட்டுப் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்தால் சந்தோஷமாக எழுதும். தகரத்துக்கு உள்ளே ஏறுவதும் உடனே, இறங்குவதும் உடனே. 9 அங்குலச் செங்கட்டிச் சுவர் வெயிலை உள்ளே விட 6, 7 மணித்தியாலம் எடுக்கும். அதாவது மத்தியான வெக்கை படுக்கப் போகும் நேரத்தில் வந்து சேரும். தடித்த சுவர் எப்போதும் குளிர் என்று, ஆசிரியர்களுக்குப் படம் காட்டும் விமர்சனத்தில் சொல்லிவிடாதீர்கள். பகலில் பாவிக்கும் அறைக்குச் சரி, இரவில் படுக்கும் அறைக்கு அப்படியில்லை.

வரைதல்

முதல் படத்தைப் பென்சிலால் ஏ2 தாளில் வரையுங்கள், பிறகு கணினியில் ஓட்டோகாட் மென்பொருளில் ஏற்றலாம். கணினியில் நேரே போட்டால் 90 பாகையைக் கேட்காமலே தந்துவிடும்; கோணல் அறை உங்கள் கண்முன்னாலேயே சதுரமாகிவிடும். வீட்டுப் பிளானும் செக்‌ஷனும் 1:50. அரை ஏக்கர் வளவு சதுரமாக இருந்தால் பக்கம் 45 மீற்றர், 1:200 இல் 225 மி.மீ.; கிணறு, மலசலகூடம், மாட்டுக்கொட்டில், மரங்கள் எல்லாம் அடங்கும். வெட்டுப்பட்ட கோடு 0.5, கண்ணுக்குத் தெரியும் விளிம்பு 0.25, அளவுக்கோடு அதைவிட மெல்லியது. எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் இருந்தால் செக்‌ஷன் முகப்புப் படம் மாதிரித் தெரியும்.

மாதிரியுரு செய்வதானால் 1:50 க்கு 3 மி.மீ. ஃபோம் போட் வாங்குங்கள், அது பூச்சில்லாத 150 மி.மீ. சுவர். கூரை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். மாரிகாலத்தில் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டியதையும் யோசித்துப் பெட்டியின் அளவை முதலில் தீர்மானியுங்கள். ஈரக்காற்றில் மட்டை வளையும்.

வீட்டில் இருக்கும் சாமான்களையும் பிளானில் போடுங்கள்: கட்டில், தையல் மெசின், நெல் மூட்டை, உறியின் இடம், பிள்ளை படிக்கும் மேசை. விமர்சனத்தில் ஆசிரியர்கள் நின்று பார்ப்பது அந்த இடத்தில்தான். மூட்டை எத்தனை, எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் அறை திரும்ப வெறுமையாகும் என்ற கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். அந்தப் பதிலை ஆங்கிலத்தில் இரண்டு வசனத்தில் எழுதி, சத்தமாக ஐந்து தரம் சொல்லிப் பழகுங்கள். திண்ணை, குந்து, பத்தி, கிடுகு போன்ற சொற்களை அப்படியே சொல்லிப் படத்தில் கையைக் காட்டுங்கள். விறாந்தை வேறு, பத்தி வேறு, இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடக்கினால் படத்தின் பாதி போய்விடும்.

முடிந்ததும் வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுங்கள். பிரதேச சபைக்கு இதைக் கொடுக்கலாமா, பின்பத்தியைக் கல்லால் கட்டலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். மாணவர் வரைந்த படம் அனுமதிக்குச் செல்லாது என்று சொல்லி, தாளின் கீழே ‘கல்விக்கு மட்டும்’ என்று திகதியோடு எழுதுங்கள். ஆனால் மேசனோடு பேச அது உதவும். அதனால் அவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் மில்லிமீற்றருக்குப் பக்கத்தில் அடி, அங்குலத்தையும் எழுதிக் கொடுங்கள்.